பெரிய எழுத்து

தை மாதம் நாலு நாள் லீவு கிடைத்தது. ராயக்கோட்டையில் இருக்கும் அத்தையைப் பார்த்து வரலாம் என்று புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வரையில் ஒரு பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். ஊர் வந்துவிட்டது என்பதைக் கோட்டை மலைதான் முதலில் சொல்லும். 1791-ஆம் வருஷம் மூன்றாவது மைசூர் யுத்தத்தில், திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. ஆனால் இந்தக் காலத்தில் கோட்டைக்காக ராயக்கோட்டைக்குப் போகிறவர்களைக் காட்டிலும் தக்காளிக்காகப் போகிறவர்களே அதிகம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, நாமெல்லாம் வெறும் புளியைக் கரைத்து ரசம் வைத்தோமே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் நான் போன் செய்து, "அத்தை, சௌக்கியமா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அத்தை, தக்காளி சௌக்கியமா?" என்று கேட்டதுண்டு.

அத்தைக்கு வயது அறுபத்தேழு. முப்பத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள். அந்தப் பக்கம் கர்நாடக எல்லை அல்லவா? வாசலில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, குழாயடியில் கன்னடம் என்று மூன்று பாஷையும் கலந்து புழங்கும் தெரு. மூன்றையும் அத்தை பேசுவாள். ஆனால் படிப்பது தமிழ்தான். அதுவும் எப்படிப் படிப்பாள் என்கிறீர்கள்? வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை அலுங்காமல் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு, முதுகில் தன் முத்து முத்தான கையெழுத்தில் பெயரும் எழுதி வைப்பாள். கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த அலமாரிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து படித்துத்தான் நான் பத்திரிகைக்காரி ஆனேன். இல்லாவிட்டால் ஏதாவது பாங்கியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பணம் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

இரவு களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்: "போன மாசம் என் கட்டுரையைப் போனில் அனுப்பினேனே, படிச்சீங்களா அத்தை?"

"படிச்சேனே. ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"எந்த இடம் பிடிச்சிருந்தது?"

"எல்லா இடமும்தான்" என்று சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீரை போடட்டுமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அத்தை அப்படி ஒப்புக்குப் பாராட்டுகிறவள் அல்ல. முன்பெல்லாம் நான் எது எழுதினாலும் மறுநாளே போன் வரும். "இரண்டாவது பத்தியில் சொன்னதையே நாலாவது பத்தியிலும் சொல்லியிருக்கே" என்பாள். "அந்தக் கிழவி பேசுற மாதிரி யாரும்மா பேசுறாங்க?" என்பாள். வீட்டுக் கணக்குப் போடாமல் வந்த பையன், "போட்டேன் டீச்சர், நோட்டுத்தான் வீட்டில் இருக்குது" என்பானே, அந்த மாதிரி இருந்தது அவள் பதில். அத்தைக்கு வயதாகிவிட்டது, படிப்பில் நாட்டம் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு படுக்கப் போனேன்.

இரவு பத்தரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு அத்தை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள்; கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்; ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் பக்கத்தை இழுத்தாள். எழுத்துப் பெரிசாயிற்று. ஆனால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. அதைப் பிடிக்க இடப்பக்கம் தள்ளினாள், வலப்பக்கம் தள்ளினாள், அடுத்த வரியின் தலைப்பைத் தேடுவதற்குள் பக்கமே எங்கேயோ ஓடிவிட்டது. பெருமூச்சு விட்டுச் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன அத்தை?"

திருட்டுத்தனம் செய்து அகப்பட்டுக்கொண்டவள் போல் விழித்தாள். அப்புறம் சின்னக் குரலில் சொன்னாள்:

"எழுத்துத் தெரியலைம்மா."

முப்பத்திரண்டு வருஷம் அந்த ஊர்க் குழந்தைகளின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தவள், எழுத்துத் தெரியவில்லை என்று சொன்னாள். அந்த வார்த்தை இரண்டு அர்த்தத்திலும் என் காதில் விழுந்தது.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். இரண்டு வருஷமாம்! பத்திரிகை போட்ட பையன் வருவதை நிறுத்திவிட்டான். பெங்களூரில் இருக்கும் அத்தான், "எல்லாப் பத்திரிகையும் இதிலேயே வரும்மா" என்று புதுச் செல்போன் வாங்கிக் கொடுத்தான். எழுத்துப் பொடியாக இருக்கிறது என்று ஒருமுறை அவனிடம் சொன்னாளாம். "கண்ணாடியை மாத்துங்கம்மா" என்றானாம். மாற்றினாள். புத்தகம் தெரிந்தது, செல்போன் தெரியவில்லை. மறுபடியும் கேட்கக் கூச்சம். யார் எதை அனுப்பினாலும், "நல்லா இருக்குது" என்று பதில் சொல்லி ஒப்பேற்றி வந்திருக்கிறாள்.

அதோடு போகவில்லை. இன்னொன்றும் சொன்னாள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் செல்போனில் ஒரு விளம்பரம் வந்ததாம். 'இலவசம்' என்ற வார்த்தை தக்காளிப்பழம் அளவுக்கு இருந்தது. கீழே கடுகு கடுகாக என்னமோ எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்தில் தொட்டால்தான் மேலே போகிறது. தொட்டுவிட்டாள். அன்றிலிருந்து மாதம் 199 ரூபாய் பாங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. எதற்கென்று தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. மகனிடம் சொன்னால், 'படிக்காமலா தொட்டீங்க?' என்பானே!

199-ஐ 14-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 2,786 ரூபாய். பணம் கிடக்கட்டும். 'படிக்காமலா?' என்ற ஒரு கேள்விக்குப் பயந்து வாத்தியாரம்மா ஒருத்தி பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் காரியாலயத்தில் ஒரு கூட்டம் நடந்தது. இணையப் பக்கத்துக்குப் புது அலங்காரம். எழுத்து எந்த அளவு, எந்த நிறம் என்று பேச்சு வந்தது. ஒருவர், "கொஞ்சம் பெரிசாக வைக்கலாமே, வீட்டில் பெரியவர்களும் படிப்பார்கள்" என்றார். "சே, சே! பெரிய எழுத்து என்றால் பாலர் வகுப்புப் பாடப் புத்தகம் மாதிரி அல்லவா இருக்கும்?" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னது சாக்ஷாத் நான்தான். சின்ன எழுத்து, அதுவும் கறுப்பில்லை, வெளிறிய சாம்பல் நிறம். சுற்றிலும் தாராளமாக வெள்ளை. பார்ப்பதற்கு வெகு நாசூக்காக இருந்தது. பார்ப்பதற்குத்தான்! படிப்பதற்கு அல்ல. அத்தை டியூப் லைட்டுக்குக் கீழே மல்லாடியது நான் கை தூக்கி ஆதரித்த எழுத்தோடுதான்.

இந்தக் கண் விவகாரத்துக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். தமிழில் 'வெள்ளெழுத்து' என்கிறோம். எழுத்தெல்லாம் வெளுத்துப் போய்விடுகிறதாம். கோளாறு கண்ணில் இல்லை, எழுத்தில்தான் என்று எவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கிறார்கள்! 'சாளேசரம்' என்றும் ஒரு வார்த்தை உண்டு. குழாயடிக் கன்னடத்தில் 'சாளீஸு' என்பார்கள். ஹிந்தியில் நாற்பதுக்கு 'சாலீஸ்' என்கிறார்களே, அதுதான் இது. அடுத்த வீட்டுத் தெலுங்கில் 'சத்வாரம்'. அது சம்ஸ்கிருதத்து நாற்பது. பாஷை எதுவானாலும் நாற்பது வயதில் வருவது என்று ஒரே தீர்ப்பு!

காரணமும் எளியதுதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லை, சிறு வயதில் கிட்டப் பார்வைக்குத் தகுந்தபடி குவிந்து கொடுக்கும். வயதாக ஆக அது விறைத்துப்போகிறது. நாற்பதை ஒட்டி, கிட்டத்தில் உள்ளது மங்க ஆரம்பிக்கிறது. ஊசியில் நூல் கோக்கக் குழந்தையைக் கூப்பிடுகிறோம். அரிசியில் கல் பொறுக்க வெளிச்சத்துக்குப் போகிறோம். இது வியாதி அல்ல. நரை மாதிரி எல்லோருக்கும் வருவது. எனக்கு முப்பத்தெட்டு நடக்கிறது. மருந்துச் சீட்டைச் சற்றே தள்ளிப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் சமீபத்தில் வந்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

காலையில் அடுத்த வீட்டுப் பெண் கொத்துமல்லி கேட்டு வந்தாள். இருபத்திரண்டு வயது. ஓசூர்ப் பக்கத்தில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஐபோனுக்கு உறுப்புகள் செய்கிற இடம். ஷிப்டு முடிந்து வந்த களைப்போடு, கொத்துமல்லியைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள்.

"இதுக்கா டீச்சரம்மா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? கொடுங்க இப்படி."

செல்போனை வாங்கினாள். 'ஸெட்டிங்ஸ்' என்ற பல் சக்கரப் படத்தைத் தொட்டாள். 'டிஸ்ப்ளே' என்பதற்குள் போனாள். 'எழுத்து அளவு' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு பொட்டு. பொட்டை வலப்பக்கம் நகர்த்தினாள். பிறகு இணையப் பக்கங்களைத் திறக்கும் 'குரோம்' செயலிக்குள் போய், மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, அங்கேயும் ஸெட்டிங்ஸ், அதற்குள் 'ஆக்ஸஸிபிலிட்டி' என்று போய், அங்கிருந்த அளவையும் கூட்டினாள். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

என் கட்டுரையைத் திறந்து அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை பார்த்தாள். கையை நீட்டவில்லை, கண்ணை இடுக்கவில்லை. எழுத்துப் பெரிசாக இருந்தது. வரியோ திரையை விட்டு ஓடாமல், அகலத்துக்குத் தகுந்தபடி மடங்கி மடங்கி அடுத்த வரியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. இரண்டு விரலால் இழுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விரலால் இழுத்தால் படத்தைப் பெரிசாக்குவது போல் பக்கம் முழுவதும் பெரிசாகிறது. எழுத்தின் அளவைக் கூட்டினாலோ, எழுத்து வளர்ந்து, வரிகள் தாமாகவே இடம் பார்த்து அமர்ந்துகொள்கின்றன.

அத்தை முதல் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் திடீரென்று சிரித்தாள்.

"அடி, இது பெரிய எழுத்து நல்லதங்காள் மாதிரியல்ல இருக்குது!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, மஞ்சளாகிப் பொடிந்துபோன ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். அவள் பாட்டி வைத்திருந்தது. அட்டையில் கொட்டை கொட்டையாக, 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை'.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றவர்கள் போட்ட மலிவுப் புத்தகங்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை என்று வரிசையாக வரும். கதையின் பெயருக்கு முன்னால் எழுத்தின் அளவைத்தான் போடுவார்கள்! அரிச்சுவடியோடு நின்றவர்கள், வெள்ளெழுத்து வந்த பாட்டிமார், சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஊருக்கே வாசித்துக் காட்டுகிறவர்கள் — இவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு அச்சடித்தவர்கள், 'உனக்காகத்தான் அம்மா இது' என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார்கள். பெரிய எழுத்து அவமானம் அல்ல, அதுதான் விளம்பரம்!

அதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்றும் நம் சரித்திரத்தில் உண்டு. 1713-இல் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்தன. சீகன்பால்கு பாதிரியாரின் அச்சுக்கூடத்துக்காக வந்தவை. எழுத்துக்கள் பெரிசாக இருந்தன, காகிதமோ பஞ்சம். அப்படியே அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தாக வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அதற்கு வேண்டிய ஈயம் சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் தகட்டிலிருந்து கிடைத்தது என்பார்கள். காகிதம் போதவில்லை, எழுத்தைச் சுருக்கினார்கள், நியாயம். ஆனால் இணையப் பக்கத்தில் காகிதம் ஏது? எவ்வளவு நீளமானாலும் விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். அங்கேயும் நாங்கள் எழுத்தைச் சுருக்கினோமே, எந்தப் பஞ்சத்துக்காக?

தமிழ் எழுத்தைச் சுருக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் எழுத்துக்குப் புள்ளியும் சுழியும்தான் உயிர். பழைய ஓலைச் சுவடிகளில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரம் எது, ஏகாரம் எது என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். வீரமாமுனிவர் வந்து ஒற்றைச் சுழிக் கொம்பு, இரட்டைச் சுழிக் கொம்பு என்று பிரித்துக் கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் கொடுத்த சுழியைப் பொடி எழுத்து மறுபடியும் விழுங்கிவிடுகிறது.

அத்தை அந்த 199 ரூபாய் விளம்பரத்தைத் தேடி எடுத்தாள். இப்பொழுது கடுகெழுத்துப் பயறு அளவுக்கு வந்துவிட்டது. முதல் மாதம் மட்டும் இலவசம். அப்புறம் மாதாமாதம் தொகை தானாகப் பிடித்தம் செய்யப்படும் என்று இருந்தது.

"எனக்கு அன்னிக்கு இது 'தோகை'ன்னு தெரிஞ்சுதும்மா. மயில் படம் போட்ட ஏதோ பரிசுன்னு நினைச்சேன்" என்றாள்.

ஒரு சுழிதான் வித்தியாசம். அதன் விலை 2,786 ரூபாய்!

இணையப் பக்கத்தில் எழுத்தின் அளவு யாருக்குச் சொந்தம்? பக்கத்தைச் செய்தவருக்கா, படிக்கிறவருக்கா? இந்தச் சர்ச்சை இணையம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1994 அக்டோபரில், ஜெனீவா அருகே சேர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஹோக்கன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் ஒரு யோசனை எழுதினார். இணையப் பக்கங்களுக்கு ஆடை அணிவித்து அலங்காரம் செய்யும் 'ஸி.எஸ்.எஸ்.' என்ற விதிமுறைக்கு அதுதான் விதை. எழுத்தின் அளவில் பக்கம் செய்தவருக்கு இத்தனை சதவிகிதம் பேச்சு, படிக்கிறவருக்கு இத்தனை சதவிகிதம் பேச்சு என்று பங்கு பிரிக்கவே அதில் வழி வைத்திருந்தார்! பாகப்பிரிவினை அந்த வடிவத்தில் நடக்கவில்லை. 1996-இல் விதிமுறை வெளிவந்தபோது, இருவரும் 'இது முக்கியம்' என்று பிடிவாதம் பிடித்தால் பக்கம் செய்தவர் பேச்சே எடுபட்டது. 1998-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதைத் திருப்பிப் போட்டார்கள். இருவரும் பிடிவாதம் பிடித்தால், படிக்கிறவர் சொல்தான் கடைசிச் சொல்.

பந்தியில் நாம் பார்ப்பதுதானே இது? பரிமாறுகிறவர் ஆசை ஆசையாக என்னவும் கொண்டு வரலாம். ஆனால் இலையில் உட்கார்ந்தவர் 'இன்னும் கொஞ்சம்' என்றால் போட வேண்டும். 'போதும்' என்றால் நிறுத்த வேண்டும். இலை அவருடையது.

சட்டம் அப்படி, நடப்பு வேறு. எழுத்தை அசையாதபடி ஆணியடித்த பக்கங்கள் ஒரு காலத்தில் ஏராளம். 2001-இல் வந்த இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்பில், எழுத்தளவைப் 'பிக்ஸல்' கணக்கில் நிர்ணயித்துவிட்டால், படிக்கிறவர் மெனுவில் 'பெரிசு' என்று எத்தனை தரம் கேட்டாலும் எழுத்து அசைந்து கொடுக்காது. 2006-இல் ஏழாம் பதிப்பு வந்து பக்கத்தையே பெரிதாக்கும் வசதி தந்தது. அப்புறம் செல்போன் காலத்தில், விரலால் இழுக்கக்கூட முடியாதபடி பூட்டுப் போட்டார்கள் சிலர். 2016-இல் ஐபோன் அந்தப் பூட்டை மதிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டது.

இதற்கெல்லாம் உலக விதியும் இருக்கிறது. 2008 டிசம்பரில் வெளியான விதிமுறைப்படி, பக்கத்தின் எழுத்தை 200 சதவிகிதம், அதாவது இரட்டிப்பு வரையில் பெரிதாக்கினாலும் விஷயம் எதுவும் கெடக்கூடாது. 2018-இல் அதற்கு மேலும் ஒன்று சேர்த்தார்கள்: பெரிதாக்கினால், வரியைப் படிக்கப் பக்கவாட்டில் தள்ள வேண்டிய தொல்லை வரக்கூடாது. அத்தை கூடத்தில் பட்ட பாடு உலகத்தில் எங்கேயோ யாருக்கோ தெரிந்திருக்கிறது. ராயக்கோட்டை வீட்டில் தங்கியிருந்த மருமகளுக்குத்தான் தெரியவில்லை. நம் அரசாங்கமும் 2009-இல் தன் இணையதளங்களுக்கென்று விதிகள் வெளியிட்டது. மாவட்ட நிர்வாகத்தின் பக்கங்களில் மேலே 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைச் சின்னதும் பெரிதுமாகப் போட்டு, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறிகள் இருக்குமே, பார்த்ததுண்டா? ஏதோ அலங்காரம் என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். தொட்டுப் பாருங்கள். எழுத்து வளரும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் சுலபம். 'கண்ட்ரோல்' சாவியை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும். கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும். பூஜ்யத்தைத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். ஒன்றும் உடைந்துவிடாது, பயப்பட வேண்டாம். குழம்புக்கு உப்புப் போட்டால் திரும்ப எடுக்க முடியாது, இது அப்படியல்ல.

இந்த மாதிரி மாதச் சந்தாவில் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் வழி உண்டு. பணம் அனுப்பும் யூ.பி.ஐ. செயலியிலேயே 'ஆட்டோபே' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே என்னென்ன மாதாமாதம் கழிகிறது என்ற பட்டியல் இருக்கும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். வாடிக்கையாளரைச் சந்தாவில் சிக்க வைத்து வெளியேற விடாமல் செய்வதையும், தந்திரமான திரை அமைப்புகளையும் தடுக்க மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிகள் வெளியிட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதைச் சமையலறைக் காலண்டரில் எழுதி மாட்டி வையுங்கள், பெரிய எழுத்தில்!

அத்தை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'ஆட்டோபே'யைத் தானே தேடிக் கண்டுபிடித்து, தானே படித்து, தானே ரத்து செய்தாள். நான் உதவிக்குக் கை நீட்டியபோது, "இரு, எனக்கு எழுத்துத் தெரியும்" என்றாள். போன பணம் போனதுதான். 1915-க்கும் சொல்லி வைத்தாள். மகனுக்குப் போன் செய்து விஷயத்தை அவளே ஒளிக்காமல் சொன்னாள். அத்தான் ஒரு நிமிஷம் பேசவில்லையாம். பிறகு, "அம்மா, இதை நான் அன்னிக்கே செஞ்சு கொடுத்திருக்கணும்" என்றானாம். 'படிக்காமலா?' என்ற கேள்வி வரவேயில்லை.

நாம் எல்லோரும் செய்கிற தப்பு அதுதானே? வீட்டுப் பெரியவர்களுக்குச் செல்போன் வாங்கிக் கொடுக்கிறோம். ஆசையாக உறை போட்டுக் கொடுக்கிறோம். பேரப்பிள்ளை படம் வைத்துக் கொடுக்கிறோம். எழுத்தின் அளவை மட்டும் நம் கண்ணுக்குத் தகுந்தபடி விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவர்கள் 'நல்லா இருக்குது' என்று சொல்லும்போது நம்பியும் விடுகிறோம்.

சென்னைக்குத் திரும்பியதும் காரியாலயத்தில் நானே கூட்டம் கூட்டி, நான் முன்பு சொன்னதை நானே வாபஸ் வாங்கினேன். எழுத்து வளர்ந்திருக்கிறது, சாம்பல் கறுப்பாகியிருக்கிறது. படம் வரைகிற தம்பிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அவனுக்கு இருபத்தாறு வயது. இன்னும் பதினாலு வருஷத்தில் சரியாகிவிடும்.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று, பஸ் ஏற்றிவிட அத்தையும் வந்தாள். நல்ல பனி. கோட்டை மலை பாதிதான் தெரிந்தது. பஸ் கிளம்புகிற சமயத்தில் ஜன்னலருகே வந்து, "உன் கட்டுரையை நேத்து ராத்திரி முழுசாப் படிச்சேன்" என்றாள்.

"எப்படி இருந்தது, அத்தை?" என்று ஆவலோடு கேட்டேன்.

"மூணாவது பத்தியில ரெண்டு இடத்தில் ஒற்று விட்டுப் போச்சு. கடைசி பத்தி தேவையே இல்லை. நீ எழுதறதை நிறுத்த வேண்டிய இடத்தில நிறுத்தறதில்லைம்மா."

பஸ் புறப்பட்டுவிட்டது. கிருஷ்ணகிரி வருகிற வரையில் என் முகத்திலிருந்த சிரிப்பு மாறவில்லை. அத்தைக்கு எழுத்துத் தெரிந்துவிட்டது!